ஒத்திவைக்கப்பட்ட டான்சில் அறுவை சிகிச்சை: பதற்றம் எங்கே தொடங்கியது, எப்படித் தணிந்தது

பெண் குழந்தை, வயது 5 ஆண்டு 2 மாதம், எடை 18 கிலோ. டான்சிலில் அடிக்கடி தொற்று வந்ததால் டான்சிலையும் அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) அகற்ற நாள் குறிக்கப்பட்டது. தூக்கத்தில் மூச்சுத் தடை இல்லை. வேறு நோயும் இல்லை. குறித்த நாளில் அறுவை சிகிச்சை நடக்கவில்லை. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே எல்லாம் கைமீறிப் போனது. 24 நாள் கழித்து அதே குழந்தை அப்பா மடியில் உட்கார்ந்து, முகமூடியைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு மயங்கியது. இடையில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு. இதே வகைக் குழப்பம் திரும்பத் திரும்ப நடப்பதால், பல குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து ஒரே நிகழ்வாகத் தொகுத்திருக்கிறோம்.

முதல் நாள்

அறுவை சிகிச்சைக்குக் குறித்த நேரம் காலை 8.30. நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டிருந்தது. முந்தைய அறுவை சிகிச்சை நீண்டதால் அழைப்பு 11.33-க்குத்தான் வந்தது. அதற்குள் குழந்தை பதினோரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது.

“பாட்டி வீட்டுக்குப் போறோம்” என்று சொல்லித்தான் குழந்தையை அழைத்து வந்திருந்தார்கள். மருத்துவமனை வாசலில் இறங்கியதுமே அதற்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அம்மா சொன்ன எதையும் அது நம்பவில்லை. அந்த மறுப்பை அடம் என்று எழுதிவிடக் கூடாது. ஒரு முறை பொய் சொன்னவரை அது சந்தேகித்தது, அவ்வளவே.

11.10-க்குக் கையில் மரத்துப்போகும் களிம்பு தடவப்பட்டது. 11.25-க்குப் பதற்றம் தணிக்கும் மருந்தான மிடாசோலம் 9 மில்லிகிராம் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. கசப்பு தாங்காமல் குழந்தை பாதியைத் துப்பிவிட்டது. உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாதபோது மறுபடியும் முழு அளவு கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. எட்டாவது நிமிடத்தில் அழைப்பு வந்தது.

அம்மா உள்ளே வர முடியாது என்பதை அறுவை அரங்கின் வாசலில்தான் சொன்னார்கள். குழந்தை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே நான்கு பேர் அழுத்திப் பிடிக்க, சிரை ஊசி இரண்டு முறை போடப்பட்டது, இரண்டும் தவறியது. அழுது அழுது மூக்கிலும் வாயிலும் சளியும் எச்சிலும் நிறைந்த நிலையில் மயக்கவியல் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். அது சரியான முடிவு. தொண்டையில் சுரப்பு தேங்கிய குழந்தைக்கு மயக்கம் தொடங்கினால் குரல்வளை இறுகி மூச்சு அடைபடும் ஆபத்து கூடுகிறது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்காக அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை.

பதற்றத்தை அளக்கப் பயன்பட்டது மயக்கவியல் மருத்துவர் ஜீவ் கெய்ன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட, மாற்றியமைக்கப்பட்ட யேல் அளவுகோல். உடல் அசைவு, குரல், முகபாவம், விழிப்பு நிலை, பெற்றோரைப் பற்றிக்கொள்ளும் விதம் என்று ஐந்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். குரலுக்கு உச்ச மதிப்பு 6, மற்ற நான்குக்கும் 4. ஒவ்வொன்றையும் அதன் உச்சத்தால் வகுத்து, கூட்டி, 20-ஆல் பெருக்கினால் விடை வரும். மிகக் குறைவு 23.3, மிக அதிகம் 100. 30-க்கு மேல் போனால் பதற்றம் என்று கொள்வது வழக்கம். வாசலில் இந்தக் குழந்தைக்குக் குரல் 4, மற்றவை தலா 3, மொத்தம் 73.3.

என்ன தவறியது

அன்று பதற்றத்தைக் குறைக்க எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. களிம்பு உண்டு, மருந்து உண்டு, அம்மா உண்டு. எல்லாமே நேரம் தப்பி வந்தன.

களிம்பை எடுத்துக்கொள்வோம். லிடோகெயின் 2.5 சதவீதமும் பிரிலோகெயின் 2.5 சதவீதமும் கலந்த களிம்பு தோலை மரக்கச் செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். அதுவும் மேலே காற்றுப் புகாத ஒட்டுப் படலம் போட்டு மூடினால்தான். கனமாக, தேய்க்காமல் வைக்க வேண்டும். அரை மணிக்குள் எடுத்தால் தோல் வெளிறி, அடியில் சிரை சுருங்கியிருக்கும். வலியோ அப்படியே இருக்கும். அன்று இரண்டு ஊசியும் தவறியதில் இதற்கும் பங்கு உண்டு. முழு நேரம் வைத்த பிறகும், துடைத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் காத்திருந்தால் சிரை மறுபடி எழும்பும். 4 சதவீத டெட்ராகெயின் களிம்பு 30 முதல் 45 நிமிடத்தில் வேலை செய்யும், சிரையையும் சுருக்காது. ஆனால் சில குழந்தைகளுக்குத் தோல் சிவந்து அரிக்கும். எதுவானாலும் இரண்டு கைகளிலும் வைப்பது நல்லது. ஒரு கையில் மட்டும் களிம்பு இருந்தால், அந்தக் கையில் தவறும்போது மரக்காத கையில் குத்த நேரும். சின்னக் குழந்தைகளுக்குக் களிம்பின் மொத்த அளவுக்கு வரம்பு உண்டு. பிரிலோகெயின் மிகுந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும்.

மிடாசோலம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற கணக்கில் 9 மில்லிகிராம் சரியான அளவுதான். ஆனால் வாய்வழி கொடுத்தால் 20 முதல் 30 நிமிடம் ஆகும். எட்டு நிமிடத்தில் அழைத்தால் கசப்பு மட்டுமே மிச்சம். நேரம் கொடுத்தும் சில குழந்தைகள் அமைதியாவதற்குப் பதில் கத்தி, திமிறி, எரிச்சலாவார்கள்; அது மருந்தின் மறுவிளைவு, அளவைக் கூட்டினால் சரியாகாது. இந்த அளவுகள் மருத்துவமனைக்குள், மூச்சைக் கண்காணித்துக்கொண்டு தருவதற்கானவை. வீட்டில் கொடுத்து அழைத்து வரக் கூடாது.

பட்டினி இன்னொன்று. திட உணவுக்கு 6 மணி நேரம். தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரம் முன்புவரை தரலாம் என்பது பழைய விதி. 2018-இல் ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் அமைப்புகள் அதை 1 மணி நேரமாகக் குறைத்துப் பரிந்துரைத்தன. கிலோவுக்கு 3 மில்லி என்றால் இந்தக் குழந்தைக்கு 54 மில்லி, சின்னக் குவளையில் பாதி. அந்தப் பாதிக் குவளை கிடைத்திருந்தால் காலை முழுவதும் நீண்ட அழுகையில் ஒரு பங்காவது குறைந்திருக்கும்.

பெற்றோர்

ஒத்திவைத்த நான்காம் நாள் பெற்றோரை மட்டும் அழைத்துப் பேசினார்கள். ஆம்ஸ்டர்டாம் அளவுகோலில் ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. நான்கு கேள்விகள் பதற்றத்தை அளக்கின்றன. இரண்டு கேள்விகள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அளக்கின்றன. அம்மாவுக்குப் பதற்றம் 20-க்கு 17, தெரிந்துகொள்ளும் விருப்பம் 10-க்கு 9. அப்பாவுக்கு 9-உம் 4-உம்.

பல இடங்களில் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “அம்மா ரொம்ப பயப்படுறாங்க, அதிகம் சொல்ல வேண்டாம்” என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது எண் நேர் எதிராகச் சொல்கிறது. 9 எடுத்தவரிடம் விவரத்தை மறைத்தால் பயம் கூடும். அப்பாவின் 4-க்கு, தன் வேலை என்ன என்று தெரிந்தால் போதும்.

அம்மாவிடம் “எதை நினைச்சா அதிகம் பயமா இருக்கு?” என்று கேட்டுவிட்டு மருத்துவர் காத்திருந்தார். சற்று நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. “எழும்பாமப் போயிட்டா என்ன பண்றது?” ஊசியோ வலியோ அவர் மனதில் முதலில் இல்லை. இந்தக் கேள்விக்கு “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா” என்பது பதில் ஆகாது. மயக்க மருந்து தொடர்ந்து உள்ளே போகும்வரைதான் மயக்கம், நிறுத்தினால் மூச்சோடு வெளியேறும். மயக்கவியல் மருத்துவர் அறுவை முடியும்வரை குழந்தையின் தலைமாட்டைவிட்டு நகர மாட்டார். ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு, வெளிவிடும் கரியமில வாயு ஆகியவை ஒவ்வொரு நொடியும் திரையில் தெரியும் என்று வரிசையாகச் சொன்னார்கள். அரிதாக ஏற்படும் ஆபத்துகளையும் மறைக்கவில்லை. மறுவாரம் அதே தாளை நிரப்பியபோது அம்மாவின் பதற்றம் 11-ஆக இருந்தது. அது பயம் போன நிலை இல்லை, பயத்தோடு வேலை செய்யக்கூடிய நிலை.

அடுத்து, உள்ளே யார் வருவது? பெற்றோர் பக்கத்தில் இருந்தாலே குழந்தையின் பதற்றம் தணிந்துவிடும் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. அமைதியான பெற்றோர் பதறும் குழந்தைக்கு உதவுகிறார். பதறும் பெற்றோர் அமைதியான குழந்தையையும் பதறச் செய்கிறார். எனவே மயங்கும்வரை அப்பா, கண் விழிக்கும்போது அம்மா என்று பிரிக்கப்பட்டது. இதை “நீங்க வர வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் அம்மா நொந்திருப்பார். “கண்ணைத் திறக்கும்போது உங்க முகம்தான் முதல்ல தெரியணும்” என்று சொல்லப்பட்டது. சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, விழிக்கும் அறையில் அம்மா செய்ய வேண்டிய வேலை உண்மையிலேயே பெரியது.

குழந்தைக்குச் சொன்னது

எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்கு மேல் ஐந்து முதல் ஏழு நாள் முன்பு சொன்னால் யோசித்து, கேள்வி கேட்டு, பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். முந்தைய நாள் மட்டும் சொன்னால் பதற்றம் கூடவே செய்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுக்கு ஒன்று முதல் மூன்று நாள் போதும். அதற்கும் சின்னக் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்வதில் பலனில்லை. பெற்றோரின் மடியும் வழக்கமான போர்வையும்தான் அதற்குத் தயாரிப்பு. இந்தக் குழந்தைக்கு மூன்று நாள் என்று முடிவானது. முதலில் அம்மா, முன்பு பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். “அன்னைக்குப் பாட்டி வீடுன்னு சொன்னது தப்பு. இனிமே எங்க போறோம்னு சரியா சொல்றேன்.” இந்த இரண்டு வாக்கியம் இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது என்பது எங்கள் கணிப்பு.

சொற்கள் முன்பே எழுதிப் பார்க்கப்பட்டன. “தூங்க வைப்பாங்க” என்று மட்டும் சொன்னால், வீட்டில் தூங்கினாலும் யாராவது வந்து அறுத்துவிடுவார்களோ என்று குழந்தை இரவில் விழித்தே கிடக்கும். “இது ராத்திரித் தூக்கம் இல்ல. மருந்துக் காத்தை மூச்சு இழுத்தா வர்ற தனித் தூக்கம். முடியறவரைக்கும் எதுவும் வலிக்காது, முடிஞ்சதும் டாக்டர் காத்தை நிறுத்திடுவாங்க, நீ எழுந்திருப்ப” என்று சொல்லப்பட்டது. “வெட்டுவாங்க” என்பதற்கு “தொண்டையில நோவு தர்றதை எடுத்துடுவாங்க.” எழுந்த பிறகு தொண்டை வலிக்கும், கையில் ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருக்கும் என்பதும் சொல்லப்பட்டது. வலிக்காது என்று சொல்லி வலித்தால் அடுத்த முறைக்கான நம்பிக்கையும் போய்விடும். சாப்பிடாத குழந்தையிடம் “ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று மிரட்டும் பழக்கத்தை அன்றிலிருந்தே விடும்படி வீட்டாரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

விளையாட்டுப் பையில் இருந்தவை: குழந்தை அளவு மயக்க முகமூடி ஒன்று, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு, இதயத் துடிப்பு பார்க்கும் ஒட்டுத் தகடு மூன்று, ஒட்டுநாடா, ஒரு பொம்மை. முகமூடி பொம்மைக்கு, பிறகு குழந்தையின் கன்னத்துக்கு, பிறகு மூக்குக்கு. கன்னம்வரை தடையில்லை. மூக்கருகே வந்ததும் குழந்தை தலையைத் திருப்பியது. பயம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் செவிலியர் முகமூடியைத் தன் மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். புது பிளாஸ்டிக் நெடி. உள்விளிம்பில் ஆரஞ்சு வாசனை ஒரு துளி தடவியதும் குழந்தை ஐந்து மூச்சு எடுத்தது. மறுநாள் வீட்டில் பத்து. முகமூடியைத் தன் கையால் பிடித்துக்கொள்ளத் தொடங்கியதும் அன்றுதான்.

கேள்விகளிலும் கவனம் வேண்டும். “முகமூடி போடலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்பதும் ஒரு பதில், அதை ஏற்க முடியாதபோது கேட்டிருக்கக் கூடாது. “நீ பிடிச்சுக்கிறியா, அப்பா பிடிக்கட்டுமா?” என்பது உண்மையான தேர்வு.

இரண்டாம் நாள்

பட்டியலில் முதல் பெயர் இந்தக் குழந்தையுடையது. 7.30-க்கு 54 மில்லி தண்ணீர். சிரை ஊசி மயங்கிய பிறகே என்று முடிவு செய்திருந்தாலும் 7.30-க்கே இரு கைகளிலும் களிம்பு வைக்கப்பட்டது. முகமூடி முறை நடக்காவிட்டால் மாற்று வழி தயாராக இருக்க வேண்டும். மிடாசோலம் தயாராக இருந்தது, ஆனால் கொடுப்பதாக முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. 8 மணிக்கு அளந்து பார்த்து முடிவெடுப்பதாக இருந்தது. அப்போது குரல் 2, முகபாவம் 2, பெற்றோரைப் பற்றுதல் 2, மற்ற இரண்டும் 1, மொத்தம் 36.7. 30-ஐத் தாண்டியது உண்மை. ஆனால் அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்: கிசுகிசுத்துப் பதில் சொன்னது, அப்பாவை ஒட்டி உட்கார்ந்தது. அலறல் இல்லை, ஓட்டம் இல்லை. முன்பு கசப்பில் துப்பிய மருந்தை மறுபடி நீட்டுவதே பதற்றத்தைக் கிளப்பும் என்று கருதி மருந்து தவிர்க்கப்பட்டது. இதில் வேறு மருத்துவர் வேறு முடிவெடுக்கலாம்; 50-ஐ ஒட்டி இருந்திருந்தால் இங்கேயும் கொடுத்திருப்பார்கள்.

அறுவை அரங்கில் விளக்கு தாழ்த்தப்பட்டது. கருவிகளின் சத்தம் அடக்கப்பட்டது. அங்கே அப்போது வேலை இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். ஒரே ஒரு குரல், செவிலியருடையது. படுக்க வைக்கவில்லை, அப்பா மடியில் பக்கவாட்டில் உட்கார்ந்தபடியே எல்லாம் நடந்தது. மல்லாக்கப் படுக்க வைத்தவுடன் பெரும்பாலான குழந்தைகள் திமிறுவதைப் பார்க்கலாம். உட்கார்ந்த குழந்தைக்குத் தன் உடம்பு தன் வசம் இருக்கிறது. விரலில் ஆக்சிஜன் கிளிப்பு மட்டும் மாட்டப்பட்டது, மற்றவை மயங்கிய பிறகு.

முதல் ஒரு நிமிடம் லேசாக மயக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. இதற்கு நெடி இல்லை. இயந்திரத்தில் தொங்கும் காற்றுப் பை ஒவ்வொரு மூச்சுக்கும் உப்பும். “பலூன் பெருசாகுதா பாரு பாப்பா, ஒண்ணு…” என்று செவிலியர் எண்ணினார். பிறகு, முழுதாக மயங்கவைக்கும் ஆவியான செவோஃப்ளூரேன், இரண்டு இரண்டு சதவீதமாக 8 வரை.

மூன்றாவது மூச்சில் செவோஃப்ளூரேன் நெடி ஏறியதும் குழந்தை முகமூடியை விலக்கியது. அப்பா பழக்கதோஷத்தில் “ஒண்ணுமில்லடா, பயப்படாத, பயப்படாத” என்றார். குழந்தை இன்னும் பின்வாங்கியது. ஆறுதல் சொல் பதற்றத்தைக் கூட்டுவதைச் சிகிச்சை அறைகளில் பலமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரியவர் குரலில் பயம் கேட்டால், பயப்பட ஏதோ இருக்கிறது என்பது குழந்தைக்கு உறுதியாகிறது. மன்னிப்புக் கேட்பதும் கடிந்துகொள்வதும் இதே விளைவைத் தரும். கவனத்தைத் திருப்புவதும், செய்ய ஏதாவது கொடுப்பதும் உதவும். செவிலியர் அப்பாவின் தோளைத் தொட்டு, “அப்பா எண்ணுவாங்க, நீ ஊது” என்றார். அப்பா “நாலு” என்று தொடங்கினார். குழந்தை முகமூடியை மீண்டும் வைத்துக்கொண்டது. பதினொன்றில் கை தளர்ந்தது.

மயக்கத்தின் இடைக்கட்டத்தில் கண் மேலே செருகும், கை கால் துள்ளும், குறட்டை வரும், தலை சரியும். இதெல்லாம் வரும் என்று அப்பாவிடம் முன்பே சொல்லப்பட்டிருந்தும் அவர் முகம் வெளுத்தது. உட்கார்ந்திருந்ததால் விழவில்லை. அவரை வெளியே அழைத்துப் போக ஒருவர் ஒதுக்கப்பட்டிருந்தார். ஆனால் வெளியே போன பிறகு அவரோடு உட்கார யாரும் ஒதுக்கப்படவில்லை. அடுத்த இருபது நிமிடம் அவர் தாழ்வாரத்தில் தனியாக நின்றிருந்தார். இந்தத் திட்டத்தில் விட்டுப்போன இடம் அது.

விழித்த பிறகு

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் கண் திறந்திருந்தும் யாரையும் அடையாளம் காணாமல் கத்துவார்கள். வலியால் அழும் குழந்தை அம்மா கண்ணைப் பார்க்கும், கையைத் தொண்டைக்குக் கொண்டுபோகும்; இந்தக் குழப்ப விழிப்பில் கத்தும் குழந்தை அப்படிப் பார்க்காது. இந்த நிலை பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வந்து, சற்று நேரத்தில் தானே அடங்கும். 2004-இல் வந்த ஐந்து கேள்வி அளவுகோலில் 20-க்கு 10 தாண்டினால் அந்த நிலை என்று கொள்வார்கள். இந்தக் குழந்தைக்கு 6. அம்மா முதல் பத்து நிமிடம் பேசவே இல்லை. உள்ளங்கையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிச் செய்யும்படி அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். பெற்றோரைத் தயார்செய்து, கவனத்தைத் திருப்பப் பழக்கி, ஆறுதல் சொற்களைக் குறைக்கும் திட்டமொன்றை கெய்ன் குழுவினர் 2007-இல் சோதித்தபோதும், அந்தக் குழந்தைகளுக்கு இத்தகைய குழப்ப விழிப்பு குறைவாகவே இருந்தது.

வீட்டில் ஐந்து இரவு தனியாகப் படுக்க மறுத்தது. இரண்டு இரவு படுக்கையை நனைத்தது. இது வரக்கூடும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்ததால் திட்டவில்லை. பத்தாம் நாளில் சரியானது. பல குழந்தைகளுக்கு முதல் இரண்டு வாரத்தில் இப்படி ஏதாவது இருக்கும். நான்கு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டான்சில் எடுத்த பிறகு ஐந்து முதல் பத்து நாளுக்குள் இரத்தக் கசிவு வரக்கூடும். துப்புவதில் புது இரத்தம் தெரிந்தால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பதும், வலி மருந்தை வலி வந்த பிறகு தராமல் நேரம் பார்த்துத் தர வேண்டும் என்பதும் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டன.

குழந்தையின் கோப்பில் முதல் பக்கத்தில், ஒவ்வாமை எழுதும் கட்டத்துக்குக் கீழே, அடுத்து எப்போது எங்கே எந்தச் சிகிச்சைக்கு வந்தாலும் படிக்கும்படி செவிலியர் எழுதியது: “எங்கே போகிறோம் என்று உண்மையைச் சொல்லவும். ஊசி மயங்கிய பிறகு. முகமூடி அவள் கையில், ஆரஞ்சு வாசனை. உட்கார்ந்தபடி. அப்பா பலூன் எண்ணுவார். ‘பயப்படாதே’ வேண்டாம். விழிக்கும்போது அம்மா. அப்பாவோடு ஒருவர் இருக்க வேண்டும்.”